தராசு முத்திரைக்கு எவ்வளவு கொடுக்கணும்?

கேள்வி: மார்த்தாண்டத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வருஷா வருஷம் தராசு ரிப்பேர்காரர் வந்து மெஷினை எடுத்துப் போய் முத்திரை வைத்துக் கொண்டு வருகிறார், மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார், ரசீது தருவதில்லை. அரசு கட்டணம் உண்மையில் எவ்வளவு?

பதில்: ரசீது வாங்காமல் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தத் தொகையில் இரண்டு காசு கலந்திருக்கிறது: தராசு சரியாக இருக்கிறது என்று சோதித்து முத்திரை வைக்க அரசுக்குப் போகும் கட்டணம் ஒன்று, ரிப்பேர்காரரின் கூலியும் வண்டிச் செலவும் இன்னொன்று. முதலாவதை அவர் தீர்மானிக்க முடியாது, தராசின் வகையையும் எடைத்திறனையும் வைத்து மாநில விதிகளின் அட்டவணையிலேயே அது இருக்கிறது. கட்டியதும் உங்கள் கடை பெயரில் சரிபார்ப்புச் சான்றிதழ் வரும், அதைக் கடையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். கூலிக்குத் தனிச் சீட்டு கேளுங்கள். சான்றிதழைக் காட்டாதவர் உண்மையில் கட்டினாரா என்பதே சந்தேகம், நாளை ஆய்வாளர் வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவர் இல்லை.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, இரும்பு எடைக்கற்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கணும். கெடு தாண்டினால் ஒவ்வொரு காலாண்டுக்கும் பாதிக் கட்டணம் கூடிக்கொண்டே போகும், அதனால் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நடுவில் ரிப்பேருக்காக முத்திரையை உடைத்தாலும் மறுமுத்திரை வேண்டும்.

கேள்வி: தோவாளைப் பூச்சந்தைக்குப் பிச்சிப்பூ கொண்டு போகிறேன். வீட்டில் நிறுத்ததை விட அங்கே எடை குறைகிறது. யாரிடம் சொல்ல?

பதில்: பூ கொஞ்சம் உலரும், அது உண்மை. ஆனால் எல்லாக் குறைவையும் அதன் தலையில் போடக்கூடாது. சாக்கை வைக்கும் முன் திரையில் பூஜ்யம் நிற்கிறதா என்று பாருங்கள், ஈரச் சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். தராசின் முத்திரையில் ஆண்டோடு ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்து இருக்கும், ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, இப்படியே நான்கு காலாண்டு. பழைய ஆண்டாக இருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம். இன்னொன்று, எடையை ஐந்தைந்து கிராமாகக் கூட்டிக் காட்டும் சாதாரணக் கடைத் தராசில் 100 கிராமுக்குக் கீழே நிறுப்பதே சரியில்லை, சில்லறைக்குப் பூ வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும். புகாரை நாகர்கோவிலில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் எழுதிக் கொடுங்கள், போனில் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கடை, தேதி, நேரம், நிறுத்த சீட்டு இவை கையில் இருக்கட்டும்.