கேளுங்க தம்பி, கேளுங்கம்மா: வண்டியும் நின்னுபோச்சு, பரீட்சையும் போச்சு

அக்கா, மழையன்று என் தங்கச்சியை பேங்க் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது, போய்விடலாம் என்று பைக்கை இறக்கினேன். நடுவில் நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து தடவை செல்ஃப் அடித்தேன், கிக்கரை உதைத்தேன். அரை மணி நேரம் லேட், சென்டரில் கேட்டை மூடிவிட்டார்கள். வண்டிக்கும் இன்ஜின் வேலையாம். வீட்டில் யாரும் திட்டவில்லை, ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?
- பெயர் வேண்டாம், வியாசர்பாடி

தம்பி, முதலில் வண்டி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் நம் பக்கத்தில் ஒவ்வொரு மழைக்கும் இன்ஜின் போகிறது. இன்ஜினுக்குள் மேலும் கீழும் ஓடுகிற பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றையும் பெட்ரோலையும் அழுத்தும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போன பிறகு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் சுவரில் முட்டின மாதிரி நிற்கும், அதைத் தள்ளுகிற கனெக்டிங் ராடு என்ற கம்பி வளைந்துவிடக்கூடும். அதனால் தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். மெக்கானிக் வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெல்ல அமுக்கினால் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் வெளியே வரும். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

அப்புறம் தங்கச்சி. வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கத்தில்தான் இருக்கிறது, ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். அவளை அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் வண்டியோடு இருந்திருக்கலாம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை தம்பி, பதற்றத்தில் கை கெட்டுப்போனதையே பிடித்துக்கொள்ளும். என் அக்கா நிச்சயதார்த்தத்தன்று, தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்க எம்.சி. ரோடு போனேன், டெய்லர் கடை பூட்டிக் கிடந்தது. ஒரு மணி நேரம் அந்த ஷட்டர் முன்னாலேயே நின்று போன் மேல் போன் போட்டேன். இரண்டு கடை தள்ளி அதே அரக்கு நிறத்தில் ரெடிமேட் பிளவுஸ் தொங்குகிறது என்று பூக்கார அம்மா காட்டிய பிறகுதான் எனக்குக் கண்ணே திறந்தது.

தங்கச்சியிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள், மழையையும் சுரங்கப்பாதையையும் இழுக்காமல். அடுத்த பரீட்சைக்கு அவள் விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். ஹால் டிக்கெட் வந்ததும் இருவரும் முதல்நாளே சென்டருக்கு ஒரு தடவை ரயிலில் போய் வந்துவிடுங்கள்.

காசிமேட்டில் மீன் எடுக்கும்போது சட்டைப்பையிலிருந்து போன் ஐஸ் பெட்டிக்குள் விழுந்தது. அரிசியில் இரண்டு நாள் வைத்தேன், சார்ஜ் போட்டதும் சூடாகி அணைந்துவிட்டது. ஆர்டர் எல்லாம் அதில்தான்.
- மீன் வியாபாரி, ராயபுரம்

அண்ணே, அரிசி வேண்டவே வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே போடாதீர்கள் என்றுதான் சொல்கிறது, அதன் தூள் சார்ஜ் ஓட்டைக்குள் போய்ச் சேரும். மீன் பெட்டித் தண்ணீரில் உப்பும் இருக்கும், காயக் காய உள்ளே பித்தளைப் பாத்திரம் மாதிரி பச்சை பூக்கும். இனிமேல் விழுந்தால் உடனே அணைத்து, சிம்மை எடுத்து, துடைத்து, சார்ஜே போடாமல் அன்றைக்கே சர்வீஸ் கடைக்குப் போய் உப்புத் தண்ணீர் என்று சொல்லுங்கள். இப்போதும் போர்டைத் திறந்து கழுவிப் பார்க்கச் சொல்லலாம். முதல் வேலை, சிம்மை வீட்டில் யார் போனிலாவது போட்டு உங்களிடம் வாங்குகிறவர்களை நீங்களே கூப்பிடுவது. ஆர்டரை எழுத இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள் அண்ணே.

நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று மாவு அரைத்தேன், கிரைண்டர் ஓடும்போதே கரண்ட் போய்விட்டது. அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்படி ஆனால் என்ன செய்வது?
- இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

கிரைண்டர் சுவிட்சை அணைத்துவிடுங்கள் அம்மா, திடீரென்று கரண்ட் வந்தால் பாரத்தோடு மோட்டார் திணறும். பக்கத்து வீட்டிலும் இல்லையா என்று பார்த்துவிட்டு, மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசுங்கள். ஊறின அரிசியைத் தண்ணீர் வடித்து மூடி வையுங்கள், நம் ஊர் வெக்கையில் அதே தண்ணீரில் கிடந்தால் வாடை வந்துவிடும். ராத்திரி வரைக்கும் வராவிட்டால் காலையில் வெண்பொங்கல் வைத்துவிடுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம், குக்கர் போதும்.