பிரீமியம் இருக்கட்டும், நகை எங்கே?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் தனி வீடு. வீட்டுக் கடன் பாக்கி 19 லட்சம். சென்ற ஆண்டு 4,200 ரூபாயாக இருந்த வீட்டுக் காப்பீட்டு பிரீமியம் இந்த ஆண்டு 7,100 ஆகிவிட்டது. வெள்ளம் வரும் பகுதி என்கிறார்கள். பக்கத்து மனையில் அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டியதிலிருந்து எங்கள் சுவரிலும் விரிசல். மைத்துனரின் ஜவுளிக் கடைக்காக மனைவியின் நகையை 6 லட்சத்துக்கு அடகு வைத்து, மூன்று ஆண்டுகளாக 11 சதவீத வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். தீபாவளிச் சரக்குக்கு இன்னும் 2 லட்சம் கேட்கிறார். பாலிசியை விட்டுவிட்டு, ஜனவரியில் கைக்கு வரும் சீட்டுப் பணம் 2.4 லட்சத்தை முகவர் சொல்லும் யூலிப்பில் (ஆயுள் காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடலாமா?

பதில்: பிரீமியத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நீங்கள், அடகு விஷயத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு உறுத்தியது அந்த இரண்டு வரிதான்.

6 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 66,000 ரூபாய், நாளுக்கு ஏறக்குறைய 180. உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் 2,900 ரூபாய் உயர்வு, அந்த நகைக்கு நீங்கள் கட்டும் பதினாறு நாள் வட்டி. மூன்று ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வட்டியே போய்விட்டது. அசல் அப்படியே நிற்கிறது. இதில் மைத்துனர் கொடுத்தது எவ்வளவு என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றும் கொடுக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பாலிசியை விடாதீர்கள். 2015, 2023 இரண்டு டிசம்பர் வெள்ளங்களையும் பார்த்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! புயலுக்குப் பெயர் வைத்த பிறகு புது பாலிசி கேட்டுப் போனால் யாரும் ஓடி வந்து தரமாட்டார்கள்.

ஆனால் பிரீமியத்தைக் குறைக்க வழி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் காப்பீட்டுத் தொகை 85 லட்சம். அது மனையும் சேர்த்து நீங்கள் வாங்கிய விலை. வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போவதில்லை. வீடே தரைமட்டமானாலும் திரும்பக் கட்டும் செலவுதான் கிடைக்கும். 1,150 சதுர அடியை 2,600 ரூபாயால் பெருக்கினால் 30 லட்சம். இதே விகிதத்தில் பிரீமியம் 2,500 ரூபாய்க்குள் வந்துவிடும், பழைய தொகையைவிடக் குறைவு. 30 லட்சம் என்பது கடன் பாக்கியைவிட அதிகம் என்பதால் வங்கி மறுக்கக் காரணமில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியைக் கேளுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் அதிலேயே காப்பீடு உண்டு.

விரிசல் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நிலம் உள்வாங்குவதற்கு இந்த பாலிசியில் இழப்பீடு உண்டு என்பது உண்மை. ஆனால் விலக்குகளைப் படியுங்கள்: கொட்டி நிரப்பிய மண் இறங்கினாலும், தோண்டும் வேலையால் சேதமானாலும் பணம் கிடையாது. ஏரியையும் தாங்கலையும் தூர்த்து மனை போட்ட தென்சென்னையில் இந்த இரண்டு வரிகளும் யாரை நினைத்து எழுதியவை என்று தோன்றும். ஆகவே உங்கள் வழக்கு பக்கத்து மனைக்காரரோடுதான். தேதியுடன் படம் எடுத்து, அவருக்கும் மாநகராட்சிக்கும் பதிவுத் தபாலில் இந்த வாரமே எழுதுங்கள். மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து உயிர்கள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; மழைக்கு முன் அந்தப் பள்ளத்துக்குத் தடுப்பு வேண்டும்.

யூலிப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. சுவர் விழுந்தால் ஆயுள் காப்பீடு செங்கல் வாங்கித் தராது. ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தைத் தொடவும் முடியாது. முகவர் நல்லவராகவே இருக்கலாம், கமிஷனும் நன்றாகவே இருக்கும்.

சீட்டுப் பணம் மொத்தத்தையும் அடகுக் கடனில் கட்டுங்கள். அசல் 3.6 லட்சமாகும், வட்டி 39,600. ஆண்டுக்கு மிச்சம் 26,400 ரூபாய், பத்து ஆண்டு பிரீமியத்துக்குக் காணும். மீதி அசலுக்கான வட்டியை மைத்துனர் மாதம் 3,300 ரூபாயாக உங்கள் கணக்கில் போடட்டும். கடையில் வியாபாரம் நடக்கிறதென்றால் இது அவருக்குப் பெரிய தொகையில்லை. நடக்கவில்லையென்றால் தீபாவளிக்கு இன்னும் 2 லட்சத்துக்குச் சரக்கு எதற்கு?

அவரிடம் நீங்கள் பேச வேண்டாம். உங்கள் மனைவி பேசட்டும். நகை அவருடையது, தம்பியும் அவருடையவர். மூன்று ஆண்டுகளாகக் கழுத்தில் கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணங்களுக்குப் போகிறவரும் அவர்தான்.