பிளாக் சேர்க்க வலைத்தளத்தையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஈரோட்டில் பாரம்பரிய விதைகள் விற்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டிசைனர் எங்கள் கடைக்கென்றே தனியாக வலைத்தளம் செய்து கொடுத்தார். எல்லாம் ஹெச்டிஎம்எல் பக்கங்கள். இப்போது வாரம் ஒரு கட்டுரை எழுத ஆசைப்படுகிறேன். அவரோ, "பிளாக் வேண்டுமென்றால் தளம் முழுவதையும் வேர்ட்பிரஸ்ஸில் புதிதாகச் செய்யணும், 45,000 ரூபாய் ஆகும்" என்கிறார். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. இப்போதுள்ள பக்கங்கள் அப்படியே இருக்கட்டும். அதே ஹோஸ்டிங்கில், அதாவது உங்கள் தளம் வைக்கப்பட்டிருக்கும் வாடகை இடத்தில், 'பிளாக்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் மட்டும் தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை நிறுவினால் போதும். உங்கள் தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'பிளாக்' என்ற சொல்லும் சேர்ந்தால் அதுதான் கட்டுரைகளின் முகவரி. 2003-இல் வேர்ட்பிரஸ் தொடங்கியதே பிளாக் எழுதத்தான். முழுத் தளத்தையும் அதில் கட்டும் வழக்கம் பின்னால் வந்தது. மென்பொருள் இலவசம், 'லைசென்ஸ்' என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

பல ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பக்கம் இருக்கும். அதில் வேர்ட்பிரஸ் நிறுவும் பக்கத்தில், எந்த ஃபோல்டரில் என்று கேட்கும் பெட்டியைக் கவனியுங்கள். blog என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். காலியாக விட்டால், உங்கள் முகப்புப் பக்கம் இருக்கும் இடத்திலேயே வேர்ட்பிரஸ் வந்து உட்கார்ந்துவிடும். நிறுவுவதற்கு முன் தளத்தை முழுதாக பேக்கப் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் இறக்கி வையுங்கள்.

அடுத்தது தோற்றம். பிளாக் பக்கமும் கடைத் தளம் மாதிரியே தெரிய, மேலே உள்ள லோகோ, மெனு, கீழே உள்ள முகவரிப் பகுதி மூன்றையும் வேர்ட்பிரஸ்ஸின் தீமில், அதாவது தோற்றத்தை முடிவு செய்யும் வார்ப்பில், ஹெடர் (மேற்பகுதி), ஃபுட்டர் (கீழ்ப்பகுதி) கோப்புகளில் பொருத்த வேண்டும். இது மட்டும் கோடிங் தெரிந்தவர் வேலை. பொருத்தியதும் பலருக்கு லோகோ காணாமல் போகும், மெனு லிங்க்குகள் 'பக்கம் இல்லை' என்று காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. பழைய பக்கங்களில் படத்தின் பாதை 'இமேஜஸ்' என்று நேரடியாகத் தொடங்கியிருக்கும். அதனால் பிரவுசர் இப்போது பிளாக் ஃபோல்டருக்குள் போய்ப் படத்தைத் தேடுகிறது. மெனு லிங்க்குகளுக்கும் இதே கதைதான். பாதையின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டால் சரியாகிவிடும். இதற்குக்கூட 'சர்வர் பிரச்சினை' என்று தனிக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு.

ஒரே ஒரு இடத்தில் டிசைனர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கலாம். வேர்ட்பிரஸ்ஸுக்கு சர்வரில் அதை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியும், கட்டுரைகளைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸும் வேண்டும். வெறும் ஹெச்டிஎம்எல் பக்கங்களுக்கு இரண்டும் தேவையில்லை. அதனால் சிலர் தளத்தை இந்த வசதி இல்லாத மலிவான இடத்தில் வைத்திருப்பார்கள். இதை டிசைனரிடம் கேட்காமல், ஹோஸ்டிங் நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றாலும் முழுத் தளத்தையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. இருக்கும் பக்கங்களை பிஎச்பி உள்ள ஹோஸ்டிங்குக்கு அப்படியே நகர்த்தினால் போதும். அதுவும் முடியாவிட்டால் சப்டொமைன், அதாவது உங்கள் முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்ந்த துணை முகவரி போட்டு, பிளாக்கை மட்டும் வேறு ஹோஸ்டிங்கில் வைக்கலாம். பிஎச்பி இருந்தாலும் பழையதா என்று பாருங்கள். 7.4 பதிப்புக்கே 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வரும் புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு, தளத்தில் உள்ள 'தொடர்புக்கு' படிவம் வேலை செய்கிறதா என்று ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை 'இலவசமாகப் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருட்டு நகல்களில் ஒளித்து வைத்த கெட்ட கோடிங் இருக்கக்கூடும். ஒரு நாள் விதைக் கடைத் தளத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை, உங்கள் டொமைன், அதாவது தள முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். இதை உடனே பாருங்கள். டிசைனர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தால், மனைப் பத்திரம் மேஸ்திரி பெயரில் இருப்பது போலத்தான். வருடா வருடம் பணம் கட்டியது நீங்கள் என்பது டொமைனைப் பதிவு செய்யும் நிறுவனத்திடம் பெரும்பாலும் செல்லாது. கடையின் ஜிஎஸ்டி சான்றிதழை அனுப்பினாலும், பதிவான மின்னஞ்சலில் இருந்து எழுதுங்கள் என்று அதே பதிலைத்தான் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அந்த மின்னஞ்சல்தானே பிரச்சினையே! சின்ன வியாபாரிகள் இதில் மாதக்கணக்கில் அலைகிறார்கள், கேட்க நாதியில்லை.

எனவே முதலில் டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு இரண்டின் லாகினையும் கேட்டு வாங்குங்கள். பதிவில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் போன் எண் இருக்க வேண்டும். லாகின் தர மறுத்தால், நீங்களே ஒரு கணக்குத் தொடங்கி, டொமைனை அதற்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றுவதாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கோட் என்ற ரகசியக் குறியீடு வேண்டும், அதையும் அவரே எடுத்துத் தர முடியும். புதுப்பிக்கும் தேதி எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தேதி நெருங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால், அவர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டிவரும்.