தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிப் பேசுவது?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். தான் தன்பாலீர்ப்பாளன் என்று என் தம்பி போன பொங்கலன்று என்னிடம் மட்டும் சொன்னான். வயது 26. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆசிரியர் அறையில், நளினமாக நடக்கும் எட்டாம் வகுப்புப் பையனை 'ஒன்பது' என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா இரண்டு ஆண்கள் மாலை மாற்றிக்கொள்ளும் படத்தைப் போட்டு, "கலி முற்றிவிட்டது" என்று எழுதுகிறார். அந்தக் குழுவில் தம்பியும் இருக்கிறான். மாமாவோ, "இது வியாதி, நல்ல டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார். எதிர்த்துப் பேசினால், "உனக்கு ஏன் கோபம் வருகிறது?" என்பார்கள். அடுத்த நொடி, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழிக்கும் தம்பியின் பக்கம் எல்லோர் பார்வையும் திரும்பும். நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் தம்பியிடமே கேளுங்கள். "குழுவில் நான் பதில் சொல்லட்டுமா?" என்று கேட்டு, "வேண்டாம் அக்கா" என்றால் பெரியப்பாவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் மனம் ஆறுவதைவிடத் தம்பியின் பாதுகாப்பு முக்கியம்.

பள்ளியில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பையன் யார், எப்படிப்பட்டவன் என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. "பிள்ளையை அப்படிச் சொல்லாதீர்கள் சார்" என்றால் போதும். நீளமாகப் பேசினால் பட்டிமன்றமாகிவிடும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் மாமாதான். கிண்டல் செய்கிறவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அக்கறையோடு 'வைத்தியம்' சொல்கிறவர் நாளை தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். இப்படி அழைத்துவரப்பட்ட இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது, அந்தப் 'பழைய வைத்தியம்' உண்டாக்கிய பயத்திலிருந்து விடுதலை. எனவே மாமாவிடம் தனியாக, சண்டையில்லாமல் பேசுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. அத்தகைய சிகிச்சை தருவது மருத்துவருக்குத் தொழில்முறைக் குற்றம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. "நல்ல டாக்டர் என்றால் இதைச் செய்யவே மாட்டார் மாமா" என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

அந்த உயர் நீதிமன்ற வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதுபற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகே உத்தரவு எழுதினார். நீதிபதி சொன்னால் காதுகொடுக்கும் தலைமுறை உங்கள் மாமாவுடையது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

"உனக்கு ஏன் கோபம்?" என்று கேட்டால், "பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், இப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதானே. யாராவது தம்பியின் பெயரை இழுத்தால், ஆமாம் என்றும் சொல்ல வேண்டாம், பதறிப்போய் "ஐயோ, அவன் அப்படியெல்லாம் இல்லை" என்றும் சொல்லிவிடாதீர்கள். பெரியப்பா போட்ட படத்தைவிட, அக்காவின் வாயிலிருந்து வரும் அந்த 'ஐயோ' தம்பியை அதிகம் புண்படுத்தும்.