மலைச்சரிவில் இடுப்பு மூட்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 47 வயது. கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறேன். சில மாதங்களாக வலது தொடையின் வெளிப்பக்கம், மேலே எலும்பு முட்டும் இடத்தில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அதே சரிவில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. பெண்களுக்கு இடுப்பு எலும்பு பலவீனமா?

பதில்: பலவீனம் இல்லை. நீங்கள் சொல்லும் இடமும் வயதும் புட்டத் தசைநார் (புட்டத் தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறுத்தலைக் காட்டுகின்றன. இது 40 முதல் 60 வயதுப் பெண்களிடம்தான் மிக அதிகம். மருத்துவர் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடிப்பது குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ் என்ற இரு தசைகள். உடல் பாரம் மூட்டிலிருந்து எட்டத்தில் விழுகிறது. தசையோ அதில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் நின்று இழுக்கிறது. அதனால் அது உடல் எடையைப்போல் சுமார் 2 மடங்கு இழுத்தாக வேண்டும். 60 கிலோ உடம்பென்றால், தசையின் இழுப்பும் உடல் பாரமும் சேர்ந்து மூட்டில் ஏறுவது 150 முதல் 180 கிலோ.

பெண்களின் இடுப்புக்கூடு உயரத்தோடு ஒப்பிட்டால் சராசரியாக அகலம். ஆனால் அகலமே கோளாறு என்று சொல்வதை ஏற்காதீர்கள். நடக்கச் செலவாகும் சக்தியை 2015-இல் அளந்தபோது, அகல இடுப்பால் கூடுதல் செலவு தென்படவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: நடையில் பெண்களின் தொடை சராசரியாகச் சற்று அதிகமாக உட்பக்கம் சாய்கிறது; எடைக்கேற்ற தசை வலுவும் சராசரியாகக் குறைவு. தொடை உள்ளே சாயும்போதெல்லாம் தொடையின் வெளிப்பக்கம் நெடுக ஓடும் நாண் பட்டை இறுகி, அந்த இரு தசைகளின் தசைநாரை எலும்பு முண்டின்மேல் நசுக்குகிறது. சரிவில் ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒதுக்கி நின்று பறிப்பதும் இதையேதான் செய்கிறது.

எனவே இரு காலிலும் பாரம் பகிர்ந்து நில்லுங்கள். வரிசையில் அடிக்கடி திசை மாறுங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். படுக்கும்போது இடது பக்கம் திரும்பி, முழங்கால்களுக்கு நடுவே தடித்த தலையணை வையுங்கள். காலை உடம்புக்குக் குறுக்கே இழுத்து நீட்டும் பயிற்சியைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். அது நசுக்கலைக் கூட்டும், வேண்டாம். கைத்தடி இடது கையில், ஆனால் கட்டைப்பை வலது கையில். இடது கையில் பை தொங்கினால் அந்தப் பாரத்தையும் வலது தசையே தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

பயிற்சி: மல்லாந்து படுத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, தொடைகளைத் துண்டால் தளர்வாகக் கட்டி வெளிப்பக்கம் மெல்லத் தள்ளி 10 விநாடி பிடியுங்கள், 5 முதல் 10 முறை. வலி அடங்கியதும் முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்துங்கள். 10 முறை, இரண்டு சுற்று. பிறகு 10 செ.மீ. படியில் ஏறி இறங்குங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரியக்கூடாது. வலி 10-க்கு 5-ஐத் தாண்டினாலோ, இரவில் கூடினாலோ அளவைக் குறையுங்கள்.

ஊசி போட்டுக்கொள்வதா என்று யோசித்தால்: 2018-இல் ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடந்த ஆய்வில், எட்டாவது வாரம் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சியும் அறிவுரையும் பெற்றோரில் 77%, ஸ்டீராய்டு ஊசி போட்டோரில் 58%, சும்மா காத்திருந்தோரில் 29%.

வலி தொடையிடுக்கில் இருந்தாலோ, முழங்காலுக்குக் கீழே மரத்தாலோ, விழுந்த பிறகு தொடங்கியிருந்தாலோ பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் குன்னூரில் பள்ளி ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாள். ஓடும்போது முழங்கால் உள்ளே சாய்கிறது. அண்ணனுக்கு அப்படி இல்லை. திருத்த வேண்டுமா?

பதில்: வலியில்லை என்றால் வேண்டாம், பெண்களிடம் இது சற்று அதிகம் காணப்படும், ஆண்களிடமும் உண்டு. முழங்கால் முன்பக்கம் வலித்தால் மட்டும் அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு எடுக்கும் அடிகளை 5 முதல் 10% கூட்டச் சொல்லுங்கள். வலி தணியும்வரை இறக்கத்தில் ஓடாமல் நடந்து வரட்டும்.