சைபர்ஸ்பேஸும் சாமியும் கலந்த நாவல்னா மொதல்ல 'கவுண்ட் ஸீரோ' படிங்க

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கையும் மதத்தையும் கலந்து எழுதின சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல எத மொதல்ல படிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. வில்லியம் கிப்சன் 1986ல எழுதின 'கவுண்ட் ஸீரோ'. 1984ல வந்த அவரோட 'நியூரோமான்சர்' நாவல் முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சு நடக்குற கதை, அதனால அத முன்னாடியே படிச்சிட்டா இன்னும் நல்லது.

நா மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல வளந்தவன். லயத்துக்கு, அதான் தோட்டத் தொழிலாளிங்க வீட்டு வரிசைக்கு, பின்னால செம்பனை ஆரம்பிக்கிற எடத்துல முனியாண்டி கோயிலு, வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க மாமாவுக்கு சாமி வரும். மத்த நாள்ல சுருட்டு வாடையே ஆகாது அவருக்கு, சாமி வந்துட்டா மூணு சுருட்ட ஒண்ணா பத்த வச்சு இழுப்பாரு, குரலே வேற மாதிரி ஆயிடும். வரிசையில நிக்கிற சனங்க யாரும் மோட்சம் கேட்டு நா பாத்ததில்ல, மகனுக்கு வேலை கெடைக்குமா, திருடு போன மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் போச்சு, பிள்ளைக்கு ஏன் காய்ச்சல் விடல, இதான் கேப்பாங்க. திருநீறு அள்ளிக் குடுத்து பட்டுனு பதில் சொல்லிட்டு அடுத்த ஆள கூப்பிடுவாரு.

இந்த நாவல்ல நெட்வொர்க்குக்குள்ள ஹைத்தி நாட்டு வூடு மதத்து சாமிங்க நடமாட ஆரம்பிக்குது. பாபினு ஒரு பையன் மொத தடவ ஹேக் பண்ணப் போயி செத்துப் பொழைக்கிறான், அவன்கிட்ட ஒருத்தர் வூடுன்னா என்னன்னு விளக்குறாரு, சொர்க்கம் கிர்க்கம்லாம் இல்ல, காரியம் நடக்கணும் அவ்ளோதான்கிற மாதிரி. அந்த எடத்துல புத்தகத்த மூடி வச்சிட்டேன், இது எங்க கோயில்தானே லா!

அதுல வர்ற லெக்பா, வழிக்கும் வாசலுக்கும் உரிய சாமி, வூடு பூஜையில மொதல்ல அவரத்தான் கூப்பிடுவாங்க, நமக்குப் பிள்ளையார் மாதிரி. சாமி ஏறுற ஆள அவங்க குதிரைன்னு சொல்றாங்க. ஏஞ்சினு ஒரு பொண்ணு, பெத்த அப்பாவே அவ மண்டைக்குள்ள ஒண்ண வச்சு வளத்திருக்காரு, அதனால மெஷின் எதுவும் இல்லாமலே நெட்வொர்க்குக்குள்ள போயிடுவா, சாமிங்க அவமேல ஏறி அவ வாயாலயே பேசும். நெஜமாவே சாமிதானா, இல்ல ஏஐ வேலையான்னு நாவலே ஒரு பதில் வச்சிருக்கு, அத நா இங்க சொல்லமாட்டேன்.

நீல் ஸ்டீஃபன்சனோட 'ஸ்னோ கிராஷ்' 1992ல வந்தது, சுமேரியப் புராணமும் வைரஸும் கலந்து செம வேகமா போகும், ஆனா பக்திய தொத்து வியாதி மாதிரி காட்டுறது எனக்கு ஒட்டல. இயன் மெக்டொனால்டோட 'ரிவர் ஆஃப் காட்ஸ்' 2004, கதை 2047ல நடக்குது, காசி, ஏஐ எல்லாம் வரும், பெரிய புத்தகம், பொறுமை வேணும்.

போன தீபாவளிக்கு மாமாகிட்ட ஏஞ்சி கதைய முழுசா சொன்னேன். அமைதியா கேட்டுட்டு, "சாமி எறங்கினப்புறம் அந்தப் பிள்ளைய யாராச்சும் தாங்கிப் புடிச்சாங்களாடா, தண்ணி குடுத்தாங்களா?"ன்னாரு. நா அத கவனிக்கவே இல்ல. இப்ப ரெண்டாவது தடவ படிச்சிட்டிருக்கேன்.