ரேடியேற்றர் கழுவுதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரேடியேற்றர் தண்ணீர் துருநிறமாகிவிட்டது. கிணற்றுத் தண்ணீரால் வீட்டிலேயே கழுவலாமா? (காத்தான்குடி)

பதில்: கழுவலாம், கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும். அது அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். சுண்ணாம்பு இருந்தால் குழாய்களில் படியும். முதல் கழுவல்களுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். கடைசிக் கழுவலுக்கு வடிநீர் வாங்குங்கள். பற்றரிக் கடையில் கேட்கும்போது அசிட் கலக்காததா என்று பார்த்து எடுங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அடியிலுள்ள திருகைத் திறந்து வடியுங்கள். திருகு இல்லையென்றால் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். ரிசேவ் தாங்கியையும் கழற்றிக் கழுவுங்கள், கசடு தங்குவது அங்கேதான். பிறகு தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, ஹீற்றர் இருந்தால் உச்சத்தில் வைத்து, ரேடியேற்றர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். ஆறியதும் வடித்து, தண்ணீர் தெளியும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கழிவறை கழுவும் அசிட்டை உள்ளே ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பலர் தவறுவது கடைசியில்தான். எவ்வளவு வடித்தாலும் எஞ்சின் புளொக்கில் கணிசமான தண்ணீர் நிற்கும். அதன்மேல், ஏற்கெனவே தண்ணீர் கலந்து விற்கும் கூலன்ற்றை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை) ஊற்றினால் அது நீர்த்துப்போகும். கலக்காத கூலன்ற் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 4 லீற்றர் என்றால் முதலில் 2 லீற்றர் கூலன்ற், மிச்சத்துக்கு வடிநீர். குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஐட்லில் ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று வெளியேறி, குமிழி வருவது நிற்கும்வரை நிரப்புங்கள். மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள்.

வடித்த பழைய கூலன்ற் இனிக்கும், ஆனால் நஞ்சு. கோழி, நாய் எட்டாதபடி மூடி வையுங்கள். வாவியில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பனி விழாத ஊருக்குக் கூலன்ற் எதற்கு? (சம்மாந்துறை)

பதில்: துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். பச்சையையும் சிவப்பையும் கலந்துவிடாதீர்கள். சில கலவைகள் கூழாகித் திரண்டு அடைத்துவிடும்.

கேள்வி: கார் சூடேறுகிறது, தேர்மோஸ்டற்றை (சூட்டுக்கேற்பக் கூலன்ற் வழியைத் திறந்து மூடும் வால்வை) கழற்றி எறியலாம் என்கிறார் மெக்கானிக். (அக்கரைப்பற்று)

பதில்: எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, பெற்றோல் கூடுதலாகக் குடிக்கும். சில எஞ்சின்களில் அது பைபாஸ் வழியையும் மூடுகிறது. கழற்றினால் சுடுநீர் ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி, இன்னும் சூடேறும். கழற்றியதைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 82 முதல் 88 பாகையில் திறக்கத் தொடங்கும். கொதிக்கும் நீரிலும் திறக்காவிட்டால் புதியது போடுங்கள். ரேடியேற்றர் மூடியின் ரப்பரையும் பாருங்கள்.

கேள்வி: ரேடியேற்றர் மூடிக்கடியில் பால்தேநீர் நிறத்தில் கொழுப்பு. கழுவினால் போகுமா? (வாழைச்சேனை)

பதில்: போனாலும் திரும்ப வரும். ஹெட் கெஸ்கெற் (எஞ்சின் புளொக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டோ கியர் காரானால் ரேடியேற்றருக்குள் இருக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பானும் உடைந்திருக்கலாம். அதுவரை ஓட்டாதீர்கள்.

கேள்வி: என்னுடையது ரொயோட்டா அக்குவா ஹைபிரிட். இதே முறையில் கழுவலாமா? (கல்முனை)

பதில்: பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் சுற்றும் தனித் தாங்கியும் உண்டு. எஞ்சின் பக்கத்தைக் கழுவினால் அது மாறாது. இரண்டிலும் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதால் காற்றெடுக்க மேலே சொன்ன முறை போதாது. ஹைபிரிட் பழகிய கராஜில் செய்வியுங்கள்.